சோறு மட்டும் போதாது: பிள்ளை வளர்வது எப்படி?



"நேரத்துக்குச் சோறு, நல்ல பள்ளிக்கூடம். இவை இருந்தால் பிள்ளை தானாக வளர்ந்துவிடும்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. அறிவும் மனமும் வளர, பேசிப் பழக மனிதர்கள் வேண்டும்.

ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழைக் குடும்பங்களில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 கைக்குழந்தைகளை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பால் மாவு கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில், சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கே சென்று, பிள்ளையோடு பேசி விளையாடும் விதத்தைத் தாய்க்குப் பழக்கினார். விளையாட்டுச் சாமான்களும் கையால் செய்தவையே. மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் உதவி முடிந்தது. பிள்ளைகள் 22 வயதை எட்டியபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பால் மாவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீடித்த பலன் காணப்படவில்லை.

காரணம் என்ன? முதல் சில ஆண்டுகளில் மூளை நரம்புகளுக்கிடையே இணைப்புகள் மிக வேகமாக உண்டாகின்றன. பயன்படுபவை உறுதியாகும், பயன்படாதவை உதிரும். குழந்தை "ங்கா" என்றதும் உம்மா பதில் சொல்கிறாரே, அதுதான் அந்த இணைப்புகளுக்கு உரம்.

வளர்ச்சி அதோடு நிற்பதில்லை. பதினைந்து வயதில் மீசை அரும்பிவிடும். ஆனால் முன்யோசனைக்கும் நிதானத்துக்கும் உரிய மூளைப் பகுதி இருபதைத் தாண்டியும் பக்குவப்படுகிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு ஏச்சைவிடக் கலந்து பேசுவதே உதவும். முதுமையில் பெயர்கள் நினைவுக்கு வரத் தாமதமாகலாம்; சொல்வளமும் அனுபவமும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். வாப்பும்மா பேரனுக்குக் கதை சொன்னால் இருவருக்கும் நன்மை.

வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பாமாரும் இதைச் செய்யலாம். வீடியோ அழைப்பில் முகம் காட்டுவதோடு நிறுத்தாமல், கேள்வி கேட்டு, பிள்ளை பதில் சொல்லும் வரை காத்திருங்கள்.

இரண்டு வயதாகியும் பிள்ளை இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், "பிறகு பேசும்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்றிரவு கைப்பேசியைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.