'சண்டை இல்லை அத்தை... முட்டை போடுதுங்க!' - வீட்டுத் தொட்டியில் கோல்டு ஃபிஷ் குஞ்சு பொரிக்கும் கதை

காலை ஆறு மணிக்கு அத்தையிடமிருந்து போன். "ஏம்மா, ராத்திரி மழை பெஞ்சதுலேருந்து மீனுங்க ஒண்ணையொண்ணு துரத்தித் துரத்தி அடிக்குதுங்க. தண்ணியெல்லாம் வெளியில தெறிக்குது. பெரிய சிவப்பு மீனைச் சாகடிச்சுடும் போலருக்கு, சீக்கிரம் வா!"

அத்தை வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கிணற்றுக்கு வாங்கி மிச்சமான ரெண்டு சிமென்ட் உறைகளை அடுக்கி அடியில் பூசித் தொட்டியாக்கியிருக்கிறார்கள். அதில் ஆறு கோல்டு ஃபிஷ், மேலே கொஞ்சம் ஆகாயத்தாமரை. நான் போய்ப் பார்த்தபோது நாலு மீன்கள் ஒரே ஒரு மீனை விரட்டிக்கொண்டிருந்தன. வயிற்றில் முட்டுவதும், ஆகாயத்தாமரை வேருக்குள் தள்ளுவதுமாக ஒரே அமர்க்களம். வேரைத் தூக்கிப் பார்த்தேன். ஜவ்வரிசியைவிடச் சிறிதாக, கண்ணாடி மணி போல நூற்றுக்கணக்கில் முட்டைகள்!

அத்தைக்கு ஆச்சர்யம். அதைவிட, போன வாரம் செய்த காரியத்தை நினைத்து வருத்தம்.

அந்த வெள்ளைப் புள்ளி நோய் இல்லை!

ஒரு வாரத்துக்கு முன்பு சில மீன்களின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வந்திருந்தன. கடையில் கேட்டால் 'வெள்ளைப் புள்ளி நோய்' என்று ஒரு நீல மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். அத்தையும் ஊற்றிவிட்டார். புள்ளி போகவில்லை. போகவும் போகாது. ஏனென்றால், அது ஆண் மீனுக்கு வரும் பருவ அடையாளம்.

மீன் வளர்க்கும் பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். பருவத்துக்கு வந்த ஆண் மீனுக்குச் செவுள் மூடியிலும், பக்கத்துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் சொரசொரப்பான புள்ளிகள் வரும். கோய் மீனுக்குத் தலையிலும் வரும். நோயாக இருந்தால் உப்பைத் தூவியது போல உடம்பு, வால் என்று கண்ட இடத்தில் இருக்கும். மீன் சோர்ந்துபோய்ச் சுவரில் உடம்பைத் தேய்க்கும். உங்கள் மீன் நன்றாகச் சாப்பிட்டு, சுறுசுறுப்பாக இன்னொன்றின் பின்னால் சுற்றினால், மருந்து பாட்டிலை மூடி வைத்துவிடுங்கள்.

பெண் மீனை மேலிருந்து பார்த்தால் தெரியும். வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருக்கும்.

அது சரி, ராத்திரி வரை சும்மா இருந்த மீன்கள் விடிந்ததும் ஏன் இப்படி ஆகின்றன? இதை நார்மன் ஸ்டேசி, பீட்டர் சோரன்சென் ஆகிய விஞ்ஞானிகள் கோல்டு ஃபிஷ்ஷை வைத்தே பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். முட்டை முதிரும் நேரத்தில் பெண் மீன் ஒரு ஹார்மோனைத் தண்ணீரில் கலக்கிறது. மிக மிகக் குறைந்த அளவுதான். அதை முகர்ந்த ஆண் மீன்களின் உடம்பில் ராத்திரியோடு ராத்திரியாக விந்து கூடுகிறது. விடியும் நேரத்தில் முட்டை தயாரானதும் பெண்ணிடமிருந்து இரண்டாவதாக இன்னொரு வாசனை. அதன் பிறகுதான் இந்த ஓட்டம். அதாவது நாம் தூங்கும்போதே தொட்டிக்குள் 'தகவல்' போய்விட்டது.

குளிர் நாடுகளில் பனிக்காலம் முடிந்து தண்ணீர் 20 டிகிரியைத் தொடும் வசந்தத்தில் இது நடக்கும். நமக்கு ஏது பனிக்காலம்? நல்ல மழை, தண்ணீர் சற்றுக் குளிர்வது, புதுத் தண்ணீர் மாற்றுவது... இவையே இங்கே தூண்டுதலாகிவிடும். அலங்கார மீன்களுக்குப் பேர் போன சென்னை கொளத்தூர் பக்கம், புதுத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நைலான் நாரைக் கொத்தாகத் தொங்கவிட்டு முட்டை எடுப்பார்கள்.

முதலில் தாயைக் காப்பாற்றுங்கள்

எல்லோரும் முட்டையைத்தான் பார்க்கிறார்கள். ஆபத்தில் இருப்பது பெண் மீன். ரெண்டு மூன்று மணி நேரம் விடாமல் முட்டினால் செதில் பெயரும், துடுப்பு கிழியும். ஒரு பெண்ணுக்கு நாலு ஆண் என்றால் களைத்தே செத்துப்போகலாம். அத்தையின் சிவப்பு மீனும் எட்டரை மணிக்கு ஓரமாகச் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. குளோரின் போக முதல் நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஒரு டப்பில் ஊற்றி, அதில் விட்டோம். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் கல் உப்பு, ஒரு ஏர் பம்ப். சாப்பாடு கிடையாது. "பிரசவம் ஆன பொண்ணுக்குச் சாப்பாடு இல்லையா?" என்று அத்தைக்குக் கோபம். மூன்றாம் நாள் அது தானாகவே தீனிக்கு மேலே வந்தது.

தொட்டித் தண்ணீரையும் மறக்காதீர்கள். முட்டையும் விந்தும் அழுகினால் நுரை கட்டும், அம்மோனியா ஏறும், ஆக்ஸிஜன் குறையும். அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

பெற்றவர்களுக்குப் பாசம் துளியும் கிடையாது. முட்டையிட்ட கையோடு அதையே தின்ன ஆரம்பித்துவிடும். ஒரு கோல்டு ஃபிஷ் ஒரு தடவையில் சில நூறிலிருந்து சில ஆயிரம் முட்டை இடும் என்றால், நல்ல பருமனான கோய் லட்சத்துக்கும் மேல் இடும். குஞ்சு வேண்டுமென்றால் முட்டை ஒட்டிய வேரை அப்படியே வேறு டப்புக்கு மாற்ற வேண்டும். வெள்ளையாகிப்போனவை கருவுறாதவை. பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையையும் கெடுக்கும் என்பதால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

நம் ஊர் வெப்பத்துக்கு ரெண்டு, மூன்று நாளில் பொரிந்துவிடும். கண்ணும் ஊசி போன்ற உடம்பும்தான் தெரியும். முதல் ரெண்டு நாள் சுவரில் ஒட்டிக்கொண்டே மஞ்சள் கருப் பையிலிருக்கும் சத்தில் வாழும். நீந்தத் தொடங்கிய பிறகுதான் சாப்பாடு. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி, தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும். அதிகமானால் தண்ணீர் நாறிவிடும். அத்தை முதல் நாளே அரை மஞ்சள் கருவைக் கரைத்துவிட்டார். மறுநாள் பாதிக் குஞ்சுகள் இல்லை.

குளத்தில் கோய், கோல்டு ஃபிஷ் ரெண்டும் இருந்தால் கலப்புக் குஞ்சும் வரும். வாயைப் பாருங்கள். கோய்க்கு ரெண்டு ஜோடி மீசை, கோல்டு ஃபிஷ்ஷுக்கு மீசையே கிடையாது. கலப்புக்குச் சிறிதாக இருக்கும். அவை பெரும்பாலும் மலடு.

மிஞ்சிய குஞ்சுகளை என்ன செய்வது? "ஏரியில விட்டா புண்ணியம்" என்றார் அத்தை. வேண்டவே வேண்டாம் என்றேன். 2021 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள பர்ன்ஸ்வில் நகராட்சி, ஏரியில் பிடித்த ராட்சத கோல்டு ஃபிஷ்களின் படத்தைப் போட்டு, மக்களிடம் இதையேதான் கெஞ்சியது. அடிமண்ணைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி, செடிகளைப் பிடுங்கி, மற்ற மீன்களைப் பிழைக்க விடாது. தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம், மீன் கடையில் கேட்கலாம். எதுவும் முடியாதென்றால், முட்டை ஒட்டிய வேரை அன்றே வெயிலில் காயப்போட்டுவிடுவதே நல்லது.

அத்தையின் டப்பில் கடைசியாகத் தேறியது பதினொன்று. பிறந்தபோது எல்லாமே சேற்று நிறம். "சிவப்பு மீனுக்குக் கறுப்புக் குஞ்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்களாம். கோல்டு ஃபிஷ் அப்படித்தான். ஓரிரு மாதம் கழித்துத்தான் அடிவயிற்றிலிருந்து நிறம் மாற ஆரம்பிக்கும். சில மீன்கள் கடைசி வரை மாறுவதே இல்லை. இப்போது ஒன்பது சிவந்துவிட்டன. மாறாத ரெண்டைத்தான் அத்தை யாருக்கும் தர மாட்டேன் என்கிறார்.