வியப்பின் விதியறிந்து நூல் தேர்தல்

மனத்துக்குப் பிடித்த மிகுபுனைவையோ அறிவியல் புனைகதையையோ படித்து முடித்தபின் அடுத்து எதை எடுப்பது என்று தயங்கும் வாசகருக்கு, விற்பனைப் பட்டியலையும் அட்டைப்படத்தையும் விட நம்பகமான வழிகாட்டி ஒன்று உண்டு. முந்தைய நூலில் தம்மை வியக்க வைத்தது எது, அந்த வியப்புக்குக் கதை என்ன காரணம் சொன்னது என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்வதுதான் அது. இயற்கையின் விதிகளுக்கு அடங்காத நிகழ்வுகளைத் தன் உலகத்துக்குள் இயல்பாக நடக்கவிடும் எழுத்து மிகுபுனைவு. அறிவியல் சார்ந்த ஓர் ஊகத்தை எடுத்துக்கொண்டு, அது மெய்யானால் வாழ்க்கை எவ்வாறு மாறும் என்று காரண காரியத்தோடு விரித்துச் செல்வது அறிவியல் புனைகதை. மாயத்துக்கும் ஒரு விதி வேண்டும் என்பதும், ஆசிரியர் அதைத் தம் வசதிக்காக மீறாத வரையே வாசகர் நம்புவார் என்பதும் இரண்டுக்கும் பொது.

வியப்பை அதன் விதியோடு ஏற்கும் பழக்கம் மதுரையில் நெடுங்காலமாக வேரூன்றியது. நரிகள் பரிகளாவதையும் இறைவன் பிட்டுக்கு மண் சுமப்பதையும் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் காணும் இவ்வூர் மக்களுக்கு, 64 திருவிளையாடல்களைப் பாடிய பரஞ்சோதி முனிவரின் நூல் முதன்மையாகப் பக்திப் பனுவலே. எனினும் அதன் கதைசொல்லும் திறமும் கூர்ந்து நோக்கத் தக்கது. சித்தராக வந்த இறைவனின் ஆற்றலைச் சோதிக்க எண்ணிய பாண்டியன், கல்லானையைக் கரும்பு தின்னச் செய்யும்படி கேட்கிறான். யானையோ கரும்பைத் தின்றதோடு நில்லாமல் அவன் முத்துமாலையையும் பறித்துக்கொள்கிறது. ஐயுறுபவன் ஒருவனைக் கதைக்குள்ளேயே நிறுத்தி அவன் கண்ணெதிரே அற்புதம் நிகழ்வதால், கேட்பவரின் ஐயமும் அவனுடையதோடு சேர்ந்தே கரைகிறது. இச்சுவையில் தோய்ந்தவர்கள், அமுதசுரபியும் வான்வழிப் பயணமும் இடம்பெறும் மணிமேகலைக்கும், தொன்மத்தையும் தத்துவத்தையும் ஒரு கற்பனை நகரில் குவித்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) நாவலுக்கும் செல்லலாம்.

காரணம் சொல்லப்படாமல் விடப்படுவதிலேயே ஈர்ப்புக் காண்பவர்களுக்கு உரியவர் புதுமைப்பித்தன் (1906–1948). இடைச்சங்கம் இருந்ததாகவும் பின்னர்க் கடல்கொண்டதாகவும் இறையனார் அகப்பொருள் உரை கூறும் கபாடபுரத்தின் பெயரிலேயே ஒரு சிறுகதை எழுதிய அவர், ‘காஞ்சனை’யில் வீட்டுக்குள் வந்து சேரும் பெண் பேயா மனிதப் பிறவியா என்பதைக் கடைசிவரை உறுதி செய்யாமல், வாசகரை நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் நடுவே நிறுத்துகிறார்.

வியப்புக்கு வகுக்கப்படும் வரம்பைச் சுவைப்பவர்கள் படக்கதைகளை நாடலாம். மதுரைக்குத் தெற்கே சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’யைத் தன் முதல் இதழாகக் கொண்டது. விபத்தில் கையிழந்து இரும்புக்கை பொருத்தப்பட்ட நாயகன் மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துவிடுவான். ஆனால் இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு குறைதான் ஒவ்வொரு சாகசத்திலும் ஆபத்தை உயிரோடு வைத்திருக்கிறது. படிக்கத் தொடங்கும் சிறுவர்களுக்கு இவ்வகையே நல்ல நுழைவாயில்.

அறிவியல் புனைகதையில் காலூன்ற விரும்புவோர், பொறியாளரான சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’விலிருந்து தொடங்குவது பொருத்தம். ஜீனோ என்ற இயந்திர நாய் அதன் கவர்ச்சி என்றாலும், மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தில் அடங்க வேண்டும், பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும் என்று ஆணையிடும் ஆட்சியே அதன் உயிர்க்கரு. கதை நிகழ்வதாகச் சொல்லப்பட்ட 2020களின் தொடக்கத்தைக் கடந்துவிட்ட இன்றைய வாசகர், எந்தக் கணிப்பு பலித்தது என்று எண்ணிப் பார்ப்பதைவிட, அதிகாரத்தைப் பற்றி அது எழுப்பிய கேள்வி இன்னும் ஆறாதிருப்பதைக் கவனிப்பதே பயன் தரும். தொழில்நுட்பத்தைவிட அதிகாரம் பற்றிய அக்கறையே மேலோங்கியிருப்பதை உணர்ந்தவர், அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வைப் படித்துவிட்டு, பெண்கள் ஆளும் நாட்டை 1905இலேயே கற்பனை செய்த பேகம் ரொக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’ பக்கம் திரும்பலாம்.

மதுரை வாசகருக்குத் தேர்ந்தெடுக்க இடமும் அருகிலேயே உண்டு. புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ தமுக்கம் புத்தகத் திருவிழாவிலோ ஒரு நூலைக் கையிலெடுத்து முதல் சில பக்கங்களைப் படித்தாலே, அவ்வுலகின் விதி என்ன, அதற்கு ஆசிரியர் கட்டுப்படுகிறாரா என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும். ஒரே வகையில் இரண்டு மூன்று நூல்கள் படித்தவர், புராணத்திலிருந்து அறிவியலுக்கோ அறிவியலிலிருந்து பேய்க்கதைக்கோ துணிந்து மாறிக்கொள்வது நன்று. விதிகள் வேறுபடும் உலகங்களை அடுத்தடுத்துக் காணும்போதுதான், தாம் வாழும் உலகில் எது மாற்ற முடியாத இயற்கை, எது மனிதர் வகுத்த வழக்கம் என்று பிரித்தறியும் பயிற்சி வாசகருக்குக் கைகூடுகிறது.