பூச்சி மருந்தும் அட்ரோபின் ஊசியும்



இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நின்று முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். நம் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் காடு கழனி இருக்கிறது. மீதிப் பேர் வீட்டில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பருத்தி, கத்தரி, மிளகாய் என்று எது போட்டாலும் மருந்து அடிக்காமல் முடிவதில்லை. அந்த மருந்தில் ஒரு வகை உடம்புக்குள் போய்விட்டால், ஆஸ்பத்திரியில் முதலில் போடுகிற ஊசிகளில் முக்கியமானது அட்ரோபின். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எங்க ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடமும் நம் அறிவியல் டீச்சரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம். நாம் பூச்சியைக் கொல்லும் விஷத்தையும் மருந்து என்கிறோம், காய்ச்சல் மாத்திரையையும் மருந்து என்கிறோம். குழப்பம் வராமல் இருக்க, விஷத்தை இனிமேல் பூச்சிக்கொல்லி என்றே எழுதுகிறேன்.

அட்ரோபின் எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் பெல்லடோனா என்று ஒரு செடி உண்டு. நம்ம கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். பெல்லடோனா என்றால் இத்தாலி மொழியில் அழகான பெண் என்று அர்த்தம். அந்தக் காலத்துப் பெண்கள் அந்தச் செடியின் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொள்வார்களாம். கண்மணி பெரிதாகி அழகாகத் தெரியுமாம். ஆனால் எதிரில் இருப்பது மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்!

1831-ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த மெயின் என்ற மருந்தாளர் அந்தச் செடியிலிருந்து அட்ரோபினைத் தனியே பிரித்தெடுத்தார். கிரேக்கக் கதைகளில் மனிதனின் ஆயுள் என்னும் நூலை அறுக்கிற ஒரு தேவதை உண்டு. அவள் பெயர் அட்ரோபாஸ். அவள் பெயரைத்தான் இந்த மருந்துக்கு வைத்திருக்கிறார்கள். உயிரை எடுக்கிற தேவதையின் பெயர், இன்று உயிரைக் காக்கிற ஊசிக்கு!

சிவன் கோயிலுக்குப் பறிக்கிறோமே ஊமத்தம்பூ, அந்தச் செடியும் இதே குடும்பம்தான். ஊமத்தை இலை, பூ, காய், விதை எல்லாவற்றிலும் அட்ரோபினும் அதன் தம்பி தங்கை மருந்துகளும் இருக்கின்றன. ஒரு காயில் எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஊமத்தையை வீட்டு வைத்தியமாக வாயில் போடவே கூடாது.

பூச்சிக்கொல்லி உடம்பில் என்ன செய்கிறது?

நம் நரம்பு ஒவ்வொரு உறுப்புக்கும் சேதி சொல்ல அசிடைல்கோலின் என்ற பொருளை அனுப்புகிறது. ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-இல் தவளையின் இதயத்தை வைத்து, நரம்பு இப்படி ரசாயனம் மூலமாகத்தான் சேதி சொல்கிறது என்று காட்டினார். அதற்காக 1936-இல் ஹென்றி டேல் என்பவரோடு சேர்த்து நோபல் பரிசு பெற்றார்.

இதை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பு தண்ணீரைத் திறந்து விடுகிறது. போதும் என்றதும் மடையை அடைக்க ஓர் ஆள் நிற்கிறார். அந்த ஆள் ஒரு நொதி. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உள்ளே போனதும் அந்த ஆளின் கையைக் கட்டிப்போட்டு விடுகிறது. மடையை அடைக்க ஆள் இல்லை. வயலெல்லாம் வெள்ளம்!

அதனால்தான் பாதிக்கப்பட்டவருக்கு உடம்பில் எங்கு பார்த்தாலும் தண்ணீராக வரும். எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், வேர்வை ஊற்றும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தன்னை அறியாமல் சிறுநீர் போவது எல்லாம் வரும். கண்மணி ஊசிமுனை மாதிரி சிறுத்துவிடும். சதை துடிக்கும். நெஞ்சுக்குள் சளி நிரம்பி மூச்சு விடமுடியாது. இதயத் துடிப்பு குறைந்துபோகும். மூச்சு நின்றுபோவதுதான் இதில் பெரிய ஆபத்து.

அட்ரோபின் எப்படிக் காப்பாற்றுகிறது?

அட்ரோபின் வாய்க்கால் வாயில் மண்ணைப் போட்டு அடைக்கிறது. தண்ணீர் வந்தாலும் வயலுக்குள் போகாது. நெஞ்சுச் சளி வற்றும், மூச்சு சீராகும், இதயம் வேகம் பிடிக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்ரோபின் மடை ஆளின் கட்டை அவிழ்ப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் போட்ட மண் கரைந்துவிடும். திரும்பவும் போட வேண்டும். அதனால்தான் ஒரு ஊசியோடு முடிவதில்லை. கட்டை அவிழ்க்க என்று 'பாம்' என்ற வேறொரு ஊசி இருக்கிறது. தேவையா என்று பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

இன்னொன்று, அட்ரோபின் எல்லா விஷத்துக்கும் மாற்று இல்லை. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு வகைக்குத்தான் அது மாற்று மருந்து. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு அது மாற்று ஆகாது. எனவே உள்ளே போனது எது என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

எவ்வளவு போடுவார்கள்?

நம் ஊர்களில் கிடைக்கிற சாதாரண சின்ன ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம் அட்ரோபின் இருக்கும். பெரியவர்களுக்கு எடுத்த எடுப்பில் 1.8 முதல் 3 மில்லிகிராம் வரை, அதாவது 3 முதல் 5 ஆம்பூல் போடுவார்கள். 5 நிமிஷம் கழித்துப் பார்ப்பார்கள். குணம் தெரியாவிட்டால் அதைப்போல இரண்டு மடங்கு. இன்னும் தெரியாவிட்டால் அதற்கும் இரண்டு மடங்கு. சிலருக்கு ஒரே நாளில் நூறு ஆம்பூலுக்கு மேல்கூட ஆகும் என்று நர்ஸ் அக்கா சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போதும் என்று எப்படித் தெரியும்? ஐந்து இடங்களைப் பார்ப்பார்களாம்.

1. நெஞ்சில் கொறகொறப்பு போய்விட்டதா?
2. நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 80-க்கு மேல் வந்துவிட்டதா?
3. மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல் இருக்கிறதா?
4. அக்குளில் வேர்வை காய்ந்துவிட்டதா?
5. ஊசிமுனையாக இருந்த கண்மணி விரிந்துவிட்டதா?

இதில் முதல் மூன்றும் ரொம்ப முக்கியம். இந்த நிலை வந்ததும், அது குறையாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். மணிக்கணக்கில் பக்கத்திலேயே இருந்து பார்த்து எழுதுவார்கள். கூடிப்போனாலும் ஆபத்து, குறைந்துபோனாலும் ஆபத்து. இப்படிக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டிய மருந்து என்பதால்தான் இதை வீட்டில் வைத்து யாரும் போட முடியாது.

உளறினால் பயப்படாதீங்க!

அட்ரோபின் கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்? மனப்பாடம் செய்ய வசதியாக ஐந்தாக எழுதியிருக்கிறேன். வாய் வறளும், தோல் சுடும், முகம் சிவக்கும், கண் மங்கும், பேச்சு மாறும். சிலருக்கு வயிறு உப்பும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். ஊமத்தையைத் தின்றவர்களுக்கும் இதே அறிகுறிகள்தான் வரும்.

இதில் கடைசி இருக்கிறதே, பேச்சு மாறுவது, அதுதான் நம் ஊர்ப் பக்கம் பெரிய பிரச்சினை. எங்க தெருவில் பெரியப்பா முறை ஒருவர் போன வருஷம் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி அடிக்கும்போது, காற்று எதிர்த்து அடித்து மேலெல்லாம் நனைந்துவிட்டது. அப்படியே சாயங்காலம் வரை அடித்திருக்கிறார். ராத்திரி வாந்தியும் எச்சிலுமாகக் கிடந்தவரை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் பார்க்கப்போனால் மூச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் செத்துப்போன மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்! காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து இழுக்கிறார். போர்வையைப் பிய்க்கிறார்.

வந்திருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஊசி போட்டுப் பைத்தியமாக்கிட்டாங்க" என்றார் ஒருவர். "காட்டுல எதையோ பார்த்துப் பயந்திருக்கார், கூட்டிட்டுப் போய் மந்திரிக்கலாம்" என்றார் இன்னொருவர். கார் பேசவும் ஆள் போய்விட்டது. பெரியம்மா மட்டும் அங்கிருந்த நர்சம்மாவிடம் போய், "ஏம்மா இப்படிப் பேசுறாரு?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டார்கள். "இது மருந்தோட வேலைம்மா. அளவைக் குறைக்கிறோம், தெளிஞ்சிடுவார். இப்ப கூட்டிட்டுப் போனா விஷம் திரும்ப வேலையைக் காட்டும், மூச்சு நின்னுடும்" என்று அவர்கள் சொன்னார்கள். பெரியம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளில் அவர் தெளிந்துவிட்டார். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். மாட்டைக் கூப்பிட்டது எதுவும் அவருக்கு நினைவில்லை!

அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தாகம் விஷயமும் இப்படித்தான். நாக்கு வறண்டு "தண்ணி, தண்ணி" என்று கெஞ்சுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நர்ஸ் சொன்ன பிறகே கொடுக்க வேண்டும். அதுவரை ஈரத்துணியால் உதட்டை நனைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெளிந்துவிட்டாலும் உடனே "வீட்டுக்கு விடுங்க" என்று அவசரப்படக் கூடாது. ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குக் கழுத்தும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. இலங்கை டாக்டர்கள் 1987-இல் இதை விவரித்து எழுதினார்கள். அட்ரோபின் இந்தத் தளர்ச்சியைச் சரிசெய்யாது. மூச்சுக்கு மெஷின்தான் வைக்க வேண்டும். எனவே கூட இருப்பவர்கள் தலையைத் தூக்குகிறாரா என்று கவனித்து, முடியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும்.

கண்ணுக்குப் போடும் அட்ரோபின்

சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி பவர் பார்க்கும் முன் அட்ரோபின் களிம்பு போடச் சொல்வார்கள். அதனால் கண்மணி விரிந்து, ஒன்றிரண்டு வாரம்கூடப் பக்கத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். பயப்பட வேண்டாம், தானாகச் சரியாகிவிடும். டாக்டர் சொன்ன வேளை மட்டும், சொன்ன அளவு மட்டும் போட வேண்டும். போட்டதும் மூக்கை ஒட்டிய கண் மூலையை ஒரு நிமிஷம் லேசாக அழுத்திக்கொண்டால் மருந்து உடம்புக்குள் அதிகம் இறங்காது. கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டியூபைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். முகம் சிவந்து, உடம்பு சுட்டு, பிள்ளை உளறினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். கண் நீர் அழுத்த நோய் உள்ள தாத்தா பாட்டிக்கு அந்த டியூபை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், பார்வைக்கே ஆபத்து.

நாம் செய்ய வேண்டியவை

* பூச்சிக்கொல்லி மேலே பட்டால் உடனே துணியைக் கழற்றி, தலைமுடி, நகக்கண் வரை சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். உதவி செய்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.
* உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பால் எதுவும் வேண்டாம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.
* பாட்டிலை லேபிளோடு ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். பாட்டிலோடு வருகிற சீட்டில் மாற்று மருந்து என்னவென்று போட்டிருக்கும். லேபிளில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை.
* பேன் சாகும் என்று தலையில் பூச்சிக்கொல்லி தடவாதீர்கள். தோல் வழியாகவும் அது உள்ளே போகும்.
* காலி டப்பாவில் எண்ணெய், தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. அவர்களும் நம்மைப் போலத் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தவர்கள்தான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அட்ரோபின் விஷயத்தில் நஞ்சும் அளவோடு இருந்தால் அமிர்தம். அந்த அளவு டாக்டர் கையில் இருக்கிறது. நேரத்தோடு கொண்டு சேர்ப்பதும், பாதியில் கூட்டிக்கொண்டு வராமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. படித்தவர்கள் இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் எல்லோருக்கும் இதை ஒரு தடவை சொல்லுங்கள்.



இப்படிக்கு
உங்கள் தோழி,
ஒன்பதாம் வகுப்பு, 'அ' பிரிவு