மதிப்பெண் பதிவேடும் திரள் பதிவேடும்

பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் லிஸ்ட்டும் இனக்குழுவும் அடுத்தடுத்த பாடங்கள். தரங்கம்பாடி வட்டாரத்தில் இப்பாடங்களை நடத்தும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "இனக்குழு வந்த பிறகு லிஸ்ட் எதுக்கு சார்?" இதற்கு விடை சொல்ல, ஏ.பி.எல். என்ற நிரல் மொழியின் கதை எனக்குக் கைகொடுக்கிறது.

கனடாவைச் சேர்ந்த கென்னத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட நூலிலிருந்து உருவான மொழி அது. அதில் தரவு எல்லாமே அணிதான். நாற்பது பேரின் கணித மதிப்பெண்கள் 'கணிதம்' என்னும் அணியில் இருந்தால், 'கணிதம் + 5' என்று எழுதினாலே போதும். நாற்பது எண்களோடும் ஐந்து கூடிவிடும். மடக்கு தேவையில்லை. மதிப்பெண் பதிவேட்டின் ஒரு பத்தியை மேலிருந்து கீழாகப் பார்ப்பது போன்றது இது.

பொருள்நோக்கு நிரலாக்கமோ திரள் பதிவேடு போன்றது. ஒரு மாணவரின் பெயர், மதிப்பெண், வருகை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அவற்றைக் கையாளும் செயற்கூறுகளும் உடன் இருக்கும்.

டயலாக் ஏ.பி.எல். 2006-இல் தன் 11-ஆம் பதிப்பில் இனக்குழுக்களைச் சேர்த்தது. நாற்பது மாணவர்களும் நாற்பது பொருள்களாகப் பிரிந்துவிட்டால், பத்தியை எப்படிப் பார்ப்பது? பொருள்களையே ஓர் அணியில் அடுக்கலாம் என்பதே விடை. 'மாணவர்கள்.கணிதம்' என்று கேட்டால் நாற்பது மதிப்பெண்களும் ஓர் அணியாகத் திரும்பக் கிடைக்கும். புதிய வசதி வந்தது. மொழியின் பழைய இயல்பு கெடவில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வெறும் எண்களாலான அணி நினைவகத்தில் தொடர்ச்சியாக அமைகிறது. கணக்கீடு விரைவாக நடக்கும். பொருள்களில் இருந்தால் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். அதனால்தான் பெருங்கணக்குகளுக்கு இன்றும் அணியே ஏற்றது.

நம் பைத்தானில் லிஸ்ட்டோடு நேரடியாக 5-ஐக் கூட்ட முயன்றால் பிழைச்செய்திதான் வரும். பொருள்கள் நிறைந்த லிஸ்ட்டிலிருந்து ஒரு பத்தியைப் பெற லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் உதவும். இரண்டு பாடங்களும் கைகோக்கும் இடம் இதுவே. தனித்தனியாக நடத்தினால் மாணவர்கள் வரையறைகளை மனப்பாடம் செய்வார்கள். எதை எப்போது எடுப்பது என்று அறியமாட்டார்கள்.

வகுப்பில் ஒரு சிறு பயிற்சி தரலாம். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த மீன்பிடிப் படகுகளையே நான் எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு படகுக்கும் பதிவு எண், உரிமையாளர், இன்றைய மீன்பாடு என மூன்று விவரங்கள். "இன்று கரைக்கு வந்த மீன் மொத்தம் எவ்வளவு?" என்பது பத்திக் கேள்வி. "இந்தப் படகின் உரிமையாளர் மாறிவிட்டார், என்ன செய்வது?" என்பது பொருள் கேள்வி. நெல் வயல் சூழ்ந்த ஊர்களில் படகுக்குப் பதில் வயலை வைத்துக்கொள்ளலாம். நிரல் எழுதும் முன், கேள்வி எந்த வகை என்று மாணவர்களே சொல்லட்டும். அதைச் சொல்லிவிட்டால், லிஸ்ட்டா இனக்குழுவா என்பதையும் அவர்களே முடிவு செய்துவிடுவார்கள்.