பொன்முடி போய்வந்த ஜாக்கெட்

ஏப்ரல் மாதத் திருவனந்தபுரத்தில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்பவனை ஆட்டோக்காரர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பட்டம் சந்திப்பில் ஒருவர் என்னிடம், "சேட்டா, ஊட்டிக்கா?" என்றே கேட்டுவிட்டார். பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. நான் போய்க்கொண்டிருந்தது 60 கி.மீ. தள்ளியிருக்கும் பொன்முடி மலைக்கு. அங்கே 22 கொண்டையூசி வளைவுகள். ஒன்றில் சறுக்கினாலும் தாருக்கும் என் தோளுக்கும் நடுவே இருக்கப்போவது ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர் மாட்டுத்தோல். அதைக் கழற்றிவிட்டுப் போகும் தைரியம் எனக்குக் கிடையாது. நாறாமல் வைத்துக்கொள்ளும் வழியைத்தான் தேட வேண்டியிருந்தது.

வேலூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு வெயில் அதிகம், ஆனால் அங்குள்ள வறண்ட காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். ராத்திரி கொடியில் போட்டால் காலையில் ஜாக்கெட் காய்ந்திருக்கும். இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. இடவப்பாதி மழைக்காலத்துக் காலைகளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். துவைத்துப் போட்ட துண்டே மூன்று நாள் காயாத ஊரில், வியர்வை குடித்த தோல் எப்படிக் காயும்? வியர்வைக்கென்று பெரிய வாடை கிடையாது. நம் உடம்புத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று வெளியேற்றும் அமிலங்கள்தான் அந்தப் புளித்த நெடி. பூஞ்சையானாலும் பாக்டீரியாவானாலும் ஈரம் இருந்தால்தான் பிழைக்கும். ஆகவே கீழே சொல்வதில் பெரும்பகுதி, ஜாக்கெட்டுக்குள் போன தண்ணீரை வெளியே எடுக்கிற வேலைதான்.

முதல் வேலை, புறப்படும் முன்பே. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். அது நனைந்தால் நனைந்தபடியே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய, முழுக்கை பாலியெஸ்டர் உள்ளாடை போதும். கழுவ முடியாத ஒன்றுக்கும் உடம்புக்கும் நடுவே தினமும் கழுவக்கூடிய ஒன்றை வைக்கிறோம், அவ்வளவுதான். இதை ஒழுங்காகச் செய்தாலே மற்ற வேலைகள் பாதியாகக் குறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டை ஆணியில் மாட்டக் கூடாது. ஒரே புள்ளியில் எடை தொங்கினால் கழுத்துப்பட்டி இழுபட்டுப்போகும். தோள் அகலமுள்ள, தடித்த மர ஹேங்கரில் மாட்டி, எல்லா ஜிப்பையும் திறந்து, பைகளைக் காலி செய்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரி விட வேண்டும். வெயிலில் போடக் கூடாது. தோல் வெடிப்பதும் சாயம் வெளுப்பதும் அங்கேதான். ஹேர் டிரையரும் கூடாது. வேகமாகச் சூடுபடுத்தினால் ஈரத்தோல் சுருங்கி விறைத்துவிடும். பிறகு எந்த க்ரீமும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

மார்பிலும் தோளிலும் அப்பியிருக்கும் பூச்சிகளைச் சுரண்டி எடுக்கிறவர்கள் உண்டு. நனைத்துப் பிழிந்த துணியை அவற்றின்மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் தானாகக் கழன்று வரும். சங்குமுகம், விழிஞ்ஞம் பக்கம் சுற்றிவந்த நாளில் உப்புக்காற்றின் பிசுபிசுப்பும் இருக்கும். அதற்கும் இதே ஈரத்துணி.

இனி நாற்றம் குடியிருக்கும் இடத்துக்கு வருவோம். அது தோலில் இல்லை, உட்துணியில் இருக்கிறது. ஜாக்கெட் வெளியே பளபளவென்று இருந்தும் வாடை வீசுவது இதனால்தான். உட்துணி ஜிப்பில் கழன்று வருமானால் பக்கெட்டில் மிதமான சோப்புத் தண்ணீரில் அலசிவிடலாம். தைத்து ஒட்டியிருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி, கைகளையும் வெளியே இழுத்துவிட்டு, மிதமான சோப்பில் நனைத்துப் பிழிந்த துணியால் அக்குளையும் கழுத்தையும் முதுகின் நடுப்பகுதியையும் ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு தடவை. சோப்பு தங்கினால் அடுத்த வியர்வையில் அது நுரைக்கும். உப்பு தங்கினால் தோல் வழியே வெளியேறி, மேலே வெள்ளைக் கோடுகளாகப் பூக்கும்.

இதற்குப் பிறகும் வாடை போகவில்லையென்றால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து உட்துணியில் மட்டும் லேசாகத் தெளிக்கலாம். பதப்படுத்திய தோல் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. வினிகர் தப்பித் தவறி அதன்மேல் பட்டாலும் பெரிய சேதமில்லை. பாத்திரம் துலக்கும் கட்டியும் துணி துவைக்கும் பவுடரும் காரத்தன்மை உள்ளவை. அவை தோலிலுள்ள எண்ணெய்ப்பசையை உருவிக்கொண்டு போய்விடும். வாசனை ஸ்பிரே அடிப்பது பற்றி என்ன சொல்ல? நாற்றத்துக்கு மல்லிகைப்பூ சூடுவது போலத்தான்.

தோள், முழங்கை, முதுகில் இருக்கும் பாதுகாப்புத் தகடுகளைப் பலர் வெளியே எடுப்பதேயில்லை. நுரைப்பொருளால் செய்தவை, வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். எடுத்து, இடது வலது என்று பேனாவால் குறித்து, சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி நிழலில் காயவையுங்கள். குறிக்காமல் கழுவி, முழங்கைத் தகட்டைத் தோளில் சொருகிப் பத்து நாள் ஓட்டியவன் சொல்கிறேன்.

வெளிப்புறத் தோலுக்குத் தோல் சோப்பு அல்லது க்ளீனர் கொஞ்சம் போதும், ஈர ஸ்பாஞ்சில். காற்றுக்காகத் துளையிட்ட பகுதிகளில் க்ரீமை அப்பினால் துளைகள் அடைபட்டு, வெயிலுக்கென்று வாங்கிய ஜாக்கெட் மழைக்கோட்டாகிவிடும்.

அடுத்து எண்ணெய். ஜாக்கெட் வாங்கிய முதல் வருடம், தோல் வறண்டுவிட்டதென்று தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். கேரளத்தில் இருந்துகொண்டு வேறு எதைத் தேய்ப்பது? மினுமினுவென்று வந்தது. மே கடைசியில் ஸ்டீல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஜூலையில் திறந்தபோது முதுகெல்லாம் பச்சையும் வெள்ளையுமாக வட்டங்கள். சாலைக் கம்போளம் சந்தையில் பை, பெல்ட் ரிப்பேர் செய்யும் நாகர்கோவில்காரர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "எண்ணெய் தேய்ச்சீரோ?" ஆமென்றேன். "தேய்க்க இது என்ன தலையா தம்பி?"

சமையல் எண்ணெய்கள் தோலுக்குள் ஊறி நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். பூஞ்சைக்கும் அது விருந்து. தோலுக்கென்றே செய்த கண்டிஷனரை, ஜாக்கெட் முழுக்கக் காய்ந்த பிறகு, வருடத்துக்கு இரண்டு தடவை மெல்லிதாகப் பூசினால் போதும். நான் மே கடைசி வாரத்தில் ஒரு தடவையும், துலாவர்ஷ மழை ஓய்ந்த டிசம்பரில் ஒரு தடவையும் பூசுகிறேன்.

அந்த ரிப்பேர்காரர் அன்று செய்து காட்டியதை எழுதிவிடுகிறேன், பூஞ்சை பிடித்தவர்களுக்கு உதவும். ஜாக்கெட்டை வீட்டுக்குள் தட்டக் கூடாது, விதைத்தூள் பறந்து அடுத்த பொருளில் முளைக்கும். மொட்டைமாடியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும். முதலில் காலரின் அடிப்பக்கம் போல மறைவான இடத்தில் தொட்டுப் பார்ப்பது அவசியம், சில சாயங்கள் கையோடு வந்துவிடும். என்னுடையதில் முழங்கையருகே ஒரு திட்டு வெளுத்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

எடுத்து வைப்பதிலும் நம் ஊருக்கென்று தனி முறை உண்டு. பிளாஸ்டிக் உறை கூடாது. பழைய பருத்தி வேட்டியைத் தைத்து உறையாக்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் இங்கே சுவரே வியர்க்கும், அதனால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்ட வேண்டும். பைகளில் சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டதென்று அர்த்தம், சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். வாடை இழுக்கச் சிரட்டைக்கரி போடுவார்கள். அடுப்பில் எரிக்கும் அந்தச் சாதாரணக் கரி அவ்வளவாக இழுக்காது. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் நன்றாக வேலை செய்யும். வெட்டிவேர் ஒரு கொத்து வைத்தால் மணம் இதம். அந்துருண்டை மட்டும் வேண்டாம், அந்த வாடை தோலில் ஏறினால் லேசில் இறங்காது. மழை விடாத வாரத்தில், ஏசி இருக்கிறவர்கள் அதை 'டிரை' நிலையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு அந்த அறையிலேயே ஜாக்கெட்டை மாட்டலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உறையைக் கழற்றி மின்விசிறியில் காட்டினால், ஓட்டாத மாதங்களிலும் பயமில்லை.

கையுறைக்கு வழி எளிது. உள்ளங்கையில் சோப்பு எடுத்து, மாட்டிக்கொண்டே கைகழுவுவது போலக் கழுவி, ஓடும் தண்ணீரில் அலசி, துண்டில் அழுத்தி ஈரம் ஒற்ற வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. விரல் கீழே தொங்கினால் தண்ணீர் நுனியில் தேங்கும். நான் இரண்டு சிரட்டை அகப்பைகளின் காம்பில் நிமிர்த்திச் சொருகி ஜன்னலோரம் வைப்பேன். அகப்பையை எங்கே காணோம் என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்வரை அவை அங்கேயே நிற்கும்.