குறைத்துச் செய்வதும் சிகிச்சைதான்

தீவிர சிகிச்சைப் பிரிவின் (ஐ.சி.யூ.) வாசலில் நிற்கும் குடும்பத்தார் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: “முடிந்ததையெல்லாம் செய்துவிடுங்கள், டாக்டர்.” பாசத்தில் பிறக்கும் இந்த வேண்டுகோளுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மருந்தும் குழாயும் சோதனையும் கூடக்கூட, பிழைக்கும் வாய்ப்பும் கூடும் என்பதே அது. சிட்னியிலும் மெல்பர்னிலும் உள்ள ஐ.சி.யூ. மருத்துவர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வுகள் சில இந்த நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்திருக்கின்றன. ஐ.சி.யூ.வில் சிக்கல்களைத் தடுப்பதற்குத் தேவையானதைத் தவறாமல் செய்யும் ஒழுங்கு வேண்டும். தேவையற்றதை விலக்கும் துணிவும் அதே அளவுக்கு வேண்டும். எது தேவை, எது தேவையில்லை என்பதை ஊகத்தால் அல்லாமல் ஆய்வால்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐ.சி.யூ. நோயாளியைத் தாக்கும் ஆபத்துகளில் பல, அவரைக் காப்பாற்றும் கருவிகளின் வழியாகவே வருகின்றன. வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் இறக்கிய குழாய் இருமலைத் தடுக்கிறது. வாயில் ஊறும் கிருமிகள் அதன் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன. கழுத்துச் சிரையில் ஏற்றிய குழாய் மருந்தைக் கொண்டுசெல்லும் அதே பாதையில் கிருமியையும் ரத்தத்தில் சேர்த்துவிடலாம். மயக்க மருந்து வலியை மறக்கடிக்கிறது. அளவு கூடினால் மனக்குழப்பமும் தசைத் தளர்ச்சியும் தொடர்கின்றன. அசையாமல் கிடப்பதால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டி. முதுமை, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவை இருப்பவர்களுக்கு இந்த ஆபத்துகள் பொதுவாக அதிகம். நீரிழிவு பரவலாக உள்ள நம் தமிழ்ச் சமூகம் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ரத்தச் சர்க்கரையின் கதை இதற்குச் சரியான சான்று. 2001இல் பெல்ஜியத்தின் லூவென் நகரில் 1,548 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், இன்சுலினால் சர்க்கரையை 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் இறுக்கிப் பிடித்தபோது ஐ.சி.யூ. மரணங்கள் 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தன. உலகமே அந்த வழியில் திரும்பியது. பல இடங்களில் சோதித்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் கனடா மருத்துவர்களோடும் சிட்னியின் ஜார்ஜ் இன்ஸ்டிடியூட்டோடும் சேர்ந்து 6,104 நோயாளிகளிடம் ‘நைஸ் சுகர்’ ஆய்வை நடத்தினார்கள். 2009இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் 90 நாட்களுக்குள் இறந்தனர். 180 வரை விட்டுவைத்தவர்களில் 24.9 சதவீதம். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 3,000 பேர்; இறுக்கிப் பிடித்த பிரிவில் 78 மரணங்கள் கூடுதல். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்தவர்கள் அந்தப் பிரிவில் 6.8 சதவீதம், மற்றதில் 0.5 சதவீதம் மட்டுமே. நல்ல எண்ணத்தோடு செய்த சிகிச்சைதான் அது.

உடற்பயிற்சியிலும் இதே பாடம் கிடைத்தது. படுத்தே கிடந்தால் தசை கரைகிறது. எனவே கூடிய விரைவில், கூடியவரை எழுப்பி நடக்க வைப்பது நல்லது என்று எவருக்கும் தோன்றும். மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் ஹாட்ஜ்சன் தலைமையில் ஆறு நாடுகளில், வென்டிலேட்டரில் இருந்த 750 பேரிடம் நடந்த ‘டீம்’ ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. நாளுக்குச் சுமார் 21 நிமிடம் பயிற்சி பெற்றவர்களும், வழக்கமான 9 நிமிடம் பெற்றவர்களும் ஆறு மாதங்களில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்களில் பெரிய வேறுபாடு இல்லை. இதயத் துடிப்பு தடுமாறுவது போன்ற பாதகங்கள் மட்டும் 4.1 சதவீதத்திலிருந்து 9.2 ஆக உயர்ந்தன. நோயாளியை எழுப்பவே கூடாது என்பது இதன் பொருளல்ல. மற்ற பிரிவினரும் பயிற்சி பெற்றவர்களே. உடல் தாங்கும் அளவை மீறி அவசரப்படுத்துவதால் பலன் இல்லை என்பதே இதன் செய்தி.

அப்படியானால் எதையும் செய்யாமல் காத்திருப்பதா என்று கேட்பது நியாயமே. கூடாது. ஒரு சிகிச்சை உதவுகிறது என்று நிரூபணமானால் அதை எந்த நோயாளிக்கும் தவறாமல் செய்ய வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவர்களின் வயிற்றில் ரத்தக் கசிவைத் தடுக்கும் பான்டோப்ரசோல் மருந்தை, கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னின்று எட்டு நாடுகளில் 4,821 பேரிடம் சோதித்தன. 2024இல் வெளியான முடிவின்படி கசிவு 3.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் பிரோனோவோஸ்ட் குழு செய்தது இன்னும் எளிமையானது. ரத்த நாளத்தில் குழாய் ஏற்றும்போது கை கழுவுதல், முழு உடல் மறைப்புத் துணி, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடை வழியைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை எடுத்துவிடுதல் என்ற ஐந்தும் தவறாமல் நடக்கின்றனவா என்று பார்த்தார்கள். குழாய் வழித் தொற்று, ஆயிரம் குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 என்றிருந்தது ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகச் சரிந்தது. புதிய மருந்து ஏதும் அதில் இல்லை.

நினைவில்லாத நோயாளியை ஆய்வில் சேர்ப்பது அறமா என்பது கனமான கேள்வி. குடும்பத்தின் ஒப்புதல், அறநெறிக் குழுவின் மேற்பார்வை ஆகிய காவல்கள் அவசியம். ஆனால் மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஒப்பிட்டவை ஏற்கெனவே நடைமுறையில் இருந்த சிகிச்சைகளைத்தான். ஆய்வு இல்லாத காலத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனார் என்பதே நோயாளியின் விதியைத் தீர்மானித்தது. சராசரி முடிவு தனி மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயத்திலும் உண்மை உண்டு. அதனால்தான் சான்றின் மேல் நின்று, கட்டிலருகே இருப்பவர்கள் ஆளுக்கேற்ப முடிவெடுக்க வேண்டும். வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற ஆஸ்திரேலிய வழக்கத்தின் அருமை இங்கேதான் விளங்குகிறது. தலைப்பக்கத்தை உயர்த்துவது, வாயைச் சுத்தம் செய்வது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அந்தக் கைகளின் வேலை. செலவைக் குறைக்க அந்தக் கைகளைக் குறைப்பவர்கள், ‘குறைத்துச் செய்வது’ என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள்.

குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. மனக்குழப்பத்தில் தவிப்பவருக்குத் தன் மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, தாய்மொழியில் பழகிய குரல் ஆகியவை பெரிய துணை. ஆங்கிலம் தடுமாறினால் ஆஸ்திரேலிய அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நோயாளியின் நிலை மோசமாகிறது என்று தோன்றி, செவிலியரிடம் சொல்லியும் கவலை தீரவில்லை என்றால், நியூ சவுத் வேல்ஸ் மருத்துவமனைகளில் ‘ரீச்’ என்ற ஏற்பாட்டின் வழியே குடும்பமே அவசர உதவியை அழைக்கலாம். “எல்லாவற்றையும் செய்யுங்கள்” என்பதோடு நின்றுவிடாதீர்கள். “இந்தக் குழாய் இன்றும் தேவையா? மயக்க மருந்தைக் குறைக்க முடியுமா? நாங்கள் என்ன செய்யலாம்?” என்று தினமும் கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.