கைமாறும் வீட்டு வண்டி

வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை வைத்தியர் 1885-ஆம் ஆண்டில் ‘வாண்டரர்’ என்ற பெயரில் குதிரை பூட்டிய வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்து வரையில் உல்லாசமாகப் பிரயாணம் செய்த நாள் முதல், வழியையும் வீட்டையும் ஒன்றாகப் பிணைத்துக்கொள்ளும் ஆசை அந்தத் தேசத்து மக்களை விட்டு அகலவே இல்லை. ஜெர்மனியில் 1950-இல் உற்பத்தியாகத் தொடங்கிய வோக்ஸ்வாகன் வேனுக்குள் மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தந்தது. 1956 முதல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள ஸிட்மத் என்ற ஊரில் ‘டெவன்’ என்னும் பெயர் தாங்கிய வண்டிகள் உருவாயின. இன்று பிரிட்டனில் எல்லாரும் ‘கேம்பர்வேன்’ என்று வழங்கும் இந்த வாகனத்தைப் புதிதாக வாங்கும் சக்தியில்லாத நடுத்தரக் குடும்பத்தார், ஏற்கெனவே ஒருவர் உபயோகித்த வண்டியை, இடையில் நிற்கும் வியாபாரியின் லாபத்தையும் மிச்சப்படுத்தும் உத்தேசத்துடன், உடையவரிடமிருந்தே நேரில் வாங்கிக்கொள்ள முற்படுவது சகஜமாகிவிட்டது.

இந்த உத்தேசத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் இவ்வகை விக்கிரயத்தில் வாங்குவோர் அடையும் நஷ்டங்களை ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் பல, விற்றவருடைய வஞ்சகத்தால் மட்டும் விளைந்தவை அல்ல என்பதும், தம் கையில் கொடுக்கப்பட்ட காகிதங்கள் உண்மையில் சொல்வதைவிட அதிகமாகச் சொல்வதாக வாங்கியவர் எண்ணிக்கொண்டதால் விளைந்தவை என்பதும் தெளிவாகும். சட்டம், பதிவுப் புத்தகம், பரிசோதனைச் சான்று ஆகிய மூன்றும் பாதுகாப்புகள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

முதலில் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். வியாபாரியிடம் வாங்கும் பொருள் திருப்திகரமான தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் விதிக்கிறது. அதே பொருளைத் தனி மனிதர் ஒருவரிடம் வாங்கும்போது அந்த விதி துணைக்கு வராது. விற்பதற்கு அவருக்குப் பாத்தியதை இருக்க வேண்டும், பொருள் அவர் வர்ணித்தபடி இருக்க வேண்டும், அவர் பொய்யுரைத்திருக்கக் கூடாது என்ற அளவோடு சட்டம் நின்றுவிடுகிறது. வாங்கிய மறுவாரம் எஞ்சின் பழுதாகுமானால், அதைப் பற்றி அவர் தவறான உறுதிமொழி ஏதேனும் கூறியிருந்தாலன்றி, அந்த நஷ்டம் வாங்கியவரையே சாரும். ஆகையால் விளம்பரத்தின் பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொள்வதும், முக்கியமான கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் பெறுவதும் வீண் வேலை ஆகா; பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த வர்ணனை ஒன்றே சாட்சியாக நிற்கும். வியாபாரிகளுள் சிலர் இந்தப் பொறுப்பினின்றும் தப்புவதற்காகவே, குற்றமென்று அறிந்தும், தனி மனிதர் போல் வேடம் புனைந்து விற்பதுண்டு. தொலைபேசியில் வண்டியின் பெயரைச் சொல்லாமல், “நீங்கள் விற்பதாக விளம்பரம் செய்திருக்கும் வண்டியைப் பற்றி விசாரிக்கிறேன்” என்று மட்டும் ஆரம்பித்துப் பாருங்கள், “எந்த வண்டி?” என்று எதிர்க்கேள்வி வருமானால், அவரிடம் இருப்பது ஒரு வண்டி அல்ல என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ‘வி5சி’ எனப்படும் பதிவுப் புத்தகம். ஸ்வான்ஸி நகரில் உள்ள டி.வி.எல்.ஏ. என்ற அரசாங்க அலுவலகம் வழங்கும் இந்தப் பத்திரத்தைக் கண்டவுடன் சொத்துப் பத்திரத்தையே கண்டுவிட்டதாக மகிழ்வோர் பலர். ஆனால், இது உடைமைக்குச் சான்று அன்று என்று அந்தப் பத்திரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. வண்டிக்கு வரி செலுத்தவும் அபராதம் கட்டவும் பொறுப்பானவர் யார் என்பதை அது கூறுமேயன்றி, வண்டி யாருடைய சொத்து என்பதைக் கூறாது. அதற்காக அது இல்லாமல் வாங்கிவிடலாம் என்று கருதுவது பெரும் பிசகு. பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதில் கண்ட விலாசத்திலேயே, விற்பவரது வீட்டு வாசலிலேயே, வண்டியைப் பார்வையிட வேண்டும். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேஸிஸ் எண் பத்திரத்திலும், முன் கண்ணாடியின் அடியிலும், உலோகத்தில் பொறிக்கப்பட்ட இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறதா என்று ஒப்பு நோக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்திலோ நெடுஞ்சாலைத் தங்குமிடத்திலோ சந்திக்கலாம் என்பவரையும், தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும் முன்பணம் அனுப்பினால் வண்டி வீடு தேடி வரும் என்றும் எழுதுபவரையும் உடனே ஒதுக்கிவிடுவது உத்தமம்.

உடைமையை அறிவதற்கு வேறு வழி உண்டு. வண்டியின் மீது தவணைக் கடன் நிற்கிறதா, அது திருட்டுப் பொருளென்று பதிவாகியிருக்கிறதா, விபத்தில் சிதைந்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்தால் தள்ளப்பட்டதா என்ற விவரங்களை ஹெச்.பி.ஐ. போன்ற நிறுவனங்கள் சொற்பக் கட்டணத்துக்குத் தெரிவிக்கின்றன. தவணைக் கடன் நிற்பதை அறியாமல் நல்லெண்ணத்துடன் வாங்கிய தனி மனிதருக்கு 1964-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்பு அளிப்பது உண்மையே. ஆனால் பதிவுப் புத்தகத்தை அடகு வைத்து வாங்கிய கடனுக்கோ திருட்டு வண்டிக்கோ அந்தப் பாதுகாப்பு செல்லாது. விபத்துக்குள்ளான வண்டிகளை 2017 முதல் ‘எஸ்’ என்றும் ‘என்’ என்றும் வகுக்கிறார்கள்: கட்டமைப்பே பாதிக்கப்பட்டது முன்னது, கட்டமைப்புக்குச் சேதமில்லாதது பின்னது. செப்பனிட்ட பின் இரண்டும் சாலைக்கு வரலாமாயினும், விலையில் அந்தப் பூர்வ விருத்தாந்தம் பிரதிபலிக்க வேண்டும்.

மூன்றாவது, எம்.ஓ.டி. என்ற வருடாந்தரப் பரிசோதனை. “போன மாதந்தான் எம்.ஓ.டி. முடிந்தது” என்ற வாக்கியம் விளம்பரங்களில் இடம்பெறும்போது படிப்பவருக்கு எத்துணை நிம்மதி உண்டாகிறது! அந்தப் பரிசோதனையோ பிரேக், விளக்கு, ஸ்டியரிங், டயர், துரு முதலிய சாலைப் பாதுகாப்பு அம்சங்களை அன்றைய தினத்து நிலையில் பார்ப்பதேயன்றி, எஞ்சினின் ஆரோக்கியத்தையும் கிளட்ச், கியர்பாக்ஸ் இவற்றின் தேய்மானத்தையும் பார்ப்பதன்று. உள்ளே இருக்கும் அடுப்பையும் எரிவாயுக் குழாயையும் அது திரும்பியும் பாராது. 40 ஆண்டுகளைக் கடந்த பழைய வண்டிகள், பெரும் மாற்றம் செய்யப்படாதவையாயின், இந்தப் பரிசோதனைக்கே உட்படத் தேவையில்லை. ஆனால் சான்றைவிட அதன் சரித்திரம் பயன் மிக்கது. பதிவு எண்ணைக் கொண்டு முந்திய ஆண்டுகளின் முடிவுகளை எவரும் அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஓடிய மைல் கணக்கு ஓர் ஆண்டில் பின்னோக்கிச் சென்றிருந்தால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். அடிப்பாகத்தில் துரு என்ற எச்சரிக்கைக் குறிப்பு ஆண்டுதோறும் வந்து, திடீரென்று காணாமற் போயிருந்தால், துரு நீங்கியதா அன்றி மறைக்கப்பட்டதா என்று கேட்பது நியாயமே.

காகிதங்கள் நின்றுவிடும் இடத்தில் கண்ணும் கையும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் கிளம்பும் எஞ்சின் தன் குறைகளை ஒளிக்காது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாயின், அதை மாற்றிய ரசீதைக் கேளுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன்கள் வால்வுகளை மோதி நொறுக்கிவிடும். ரசீது இல்லையெனில், மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்கக் கேட்பதே முறை. ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளாக வந்து பிரிட்டனில் பிரபலமான மாஸ்டா போங்கோவில், குளிர்விக்கும் நீர் தெரியாமல் குறைந்து எஞ்சினின் தலைப்பகுதியில் விரிசல் விழும் அபாயம் உண்டென்பதால், நீர் குறைந்தால் ஒலிக்கும் மணியைப் பலர் தாமே பொருத்திக்கொள்கிறார்கள். கேம்பர்வேன் வருடத்தில் பல மாதங்கள் அசையாமல் நிற்கும் வாகனமாதலால், டயரின் பள்ளம் ஆழமாக இருக்கும்போதே ரப்பர் முதுமை எய்திவிடுகிறது. பக்கவாட்டில் உள்ள நாலிலக்க எண் ‘2319’ என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் உருவானது என்று அர்த்தம்.

இனி வீட்டைப் பார்ப்போம். பெரும் செலவு பதுங்கியிருக்கும் இடம் இதுவே. மழை பெய்து ஓய்ந்த நாளில் போவது சிலாக்கியம். கதவைத் திறந்ததும் எழும் முதல் வாடையைக் கவனியுங்கள்; வாசனைத் திரவியத்தின் மணம் அளவுக்கு மீறி வீசினாலும் சந்தேகத்துக்கு இடமுண்டு. மேலே தூக்கும் கூரையின் கித்தானில் கரும்புள்ளிகள், கூரை ஜன்னலைச் சுற்றிப் புதிதாகப் பூசிய பசை, மெத்தைக்கு அடியிலும் அலமாரியின் மூலையிலும் அழுத்தினால் அமிழும் பலகை ஆகிய யாவும் ஈரத்தின் அடையாளங்கள். ஈரமானியைச் சுவரில் வைத்துப் பார்க்கையில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடங்களில் நீர் புகுந்திருக்கக் கூடும். எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் தண்ணீரைப் போலத் தரையில் தேங்கி நிற்கும். அதனால்தான் சிலிண்டர் அறையின் அடியில் வெளியேற ஒரு துவாரம் அவசியம். அது அடைபட்டிருந்தாலும், ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதி மிகப் பழையதாயினும், தகுதி பெற்றவர் சோதிக்கும் வரை அடுப்பைப் பற்ற வைக்கலாகாது. குளிர்பெட்டி குளிர மணிக்கணக்காகுமாதலால் முதல் நாளே அதை இயக்கி வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே மாற்றியமைத்த வண்டியாயின், பயணிகள் உட்காரும் பின் இருக்கை பலப் பரிசோதனைக்கு உட்பட்டதா, இடுப்புப் பட்டை வண்டியின் உலோகத்தோடு பிணைந்ததா அன்றி வெறும் பலகையோடா என்பதை விசாரியாமல் குழந்தைகளை அதில் அமர்த்தக் கூடாது.

வண்டி குறையற்றதேயாயினும் வாங்குபவருக்குப் பொருந்தாததாக இருக்கலாம். 1997 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்னரோ கார் ஓட்டும் தேர்வில் தேறியவர், சாதாரண லைசென்ஸைக் கொண்டு பொதுவாக 3500 கிலோ வரையில்தான் ஓட்டலாம். அந்த எடையில் நூறு லிட்டர் நீரும், படுக்கையும், சைக்கிள்களும், மனிதர்களும் அடக்கம். லண்டன் மாநகர் முழுவதிலும் 2023 ஆகஸ்டு முதல் அமலில் உள்ள காற்று மாசு விதியின்படி, ஏறக்குறைய 2016-க்கு முந்திய டீசல் வண்டிகளுள் பெரும்பாலானவை நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம் செலுத்த வேண்டும். விற்றவர் கட்டிய சாலை வரியும் 2014 அக்டோபர் முதல் வண்டியோடு கைமாறுவதில்லை. புதிய வரியும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் வீட்டுக்கு ஓட்டி வருவது குற்றமாகும்.

பணம் கொடுக்கும் கட்டம் கடைசியாகவே வர வேண்டும். விற்பவரின் வீட்டில் அமர்ந்து, வங்கி மூலமாக, அவர் பெயரில் உள்ள கணக்குக்கே செலுத்தி, தேதி, விலை, பதிவு எண், சேஸிஸ் எண், மைல் கணக்கு, இருவர் பெயரும் விலாசமும் அடங்கிய ரசீதில் இருவரும் கையொப்பமிடுவது முறையாகும். “பார்த்தபடி விற்கப்பட்டது” என்று அவர் எழுதிக்கொண்டாலும், பொய்யான வர்ணனைக்கு அது கேடயமாகாது.

சுயேச்சையான பரிசோதகர் ஒருவரை அமர்த்தச் சில நூறு பவுண்டுகள் ஆகலாம். பல்லாயிரம் பவுண்டு கொடுக்கப் போகிறவருக்கு அது மிகையன்று. அதற்குச் சம்மதியாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். இன்னொருவர் முன்பணத்துடன் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்துபவரிடமும் வாங்காதீர்கள். இந்த வண்டி போனால் வேறு வண்டி கிடைக்கும். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதோ, தனி மனிதர் விற்பனையில், மிகவும் கடினம்.